மே மாதத்தில் போர்த்திய சால்வை

அன்புள்ள ஐயா,

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் குடியிருப்பின் காவலாளியின் மகள் அரசுப் பள்ளியில் படித்தவள். இந்த ஆண்டு பிளஸ் டூ கணிதத்தில் நூற்றுக்கு நூறு. கூட்டம் போட்டுச் சால்வை போர்த்தினோம். பிறகு விசாரித்தால், பக்கத்துக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்திருக்கிறாள். ஐ.ஐ.டி.யில் இட ஒதுக்கீடு இருக்கிறது, கட்டணச் சலுகை இருக்கிறது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு வேறு இருக்கிறது. இவ்வளவு இருந்தும் இந்தப் பிள்ளைகள் ஏன் பெரிய இடங்களுக்கு முயல்வதில்லை? வீட்டில் லட்சியத்தை ஊட்டவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கே., கோவை

அன்புள்ள கே.,

நீங்கள் சால்வை போர்த்தியது மே மாதத்தில். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐ.ஐ.டி.க்குப் போக முதலில் எழுத வேண்டிய ஜே.இ.இ. மெயின் தேர்வின் முதல் சுற்று ஜனவரியில் நடக்கிறது. விண்ணப்பமோ முந்தைய ஆண்டின் கடைசியிலேயே. சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு டிசம்பரில் முடிந்துவிடுகிறது. இந்தியப் புள்ளியியல் நிறுவனம் கணிதம் படிக்கும் பிள்ளைகளிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை, மாதாமாதம் உதவித்தொகையும் தருகிறது. அதற்கான விண்ணப்பமும் பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே மூடப்பட்டுவிடும். அரசுப் பள்ளிப் பெண் ஒருத்தி கெட்டிக்காரி என்று ஊருக்குத் தெரிய வருவதே மே மாதத்தில்தான். 'அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?' என்று பெரியவர்கள் கேட்பதும் அப்போதுதான்.

ஒன்றைத் திருத்திவிடுகிறேன். 7.5 சதவீதம் மாநில அரசின் கலந்தாய்வுக்கு உரியது, ஐ.ஐ.டி.க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பொறியியலுக்கு மாநிலம் தனியாக நடத்திவந்த நுழைவுத் தேர்வு 2007இல் ரத்தானது. அன்றிலிருந்து பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் கலந்தாய்வு. மதிப்பெண் வந்த பிறகும் விண்ணப்பிக்க நாள் இருக்கிறது. இது சாதாரணச் சலுகை அல்ல என்பது என் எண்ணம். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்கு, தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டு கதவைத் தட்ட அவகாசம் கிடைக்கிறது.

அடுத்தது பணம். இதில்தான் வேடிக்கை. பெற்றோரின் ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குக் கீழே என்றால் ஐ.ஐ.டி.யில் கல்விக் கட்டணமே கிடையாது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் அப்படித்தான். ஒன்றிலிருந்து ஐந்து லட்சம் வரை என்றால் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் போதும். ஆக, ஏழைப் பிள்ளைக்குச் சுமாரான சுயநிதிக் கல்லூரியைவிட ஐ.ஐ.டி.தான் மலிவு. இதை யார் சொல்வது? அரசுப் பள்ளியொன்றில் இப்படி ஒரு பிள்ளை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்தால் அதிகம். அந்த விண்ணப்பத்தைத் தன் வாழ்நாளில் கண்ணால் பார்த்திராத ஆசிரியரைக் குறை சொல்லி என்ன பயன்? நகரத்துப் பெரிய பள்ளிகளில் இதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள்.

சரி, யாரோ சொல்லிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பிள்ளையிடம் பி.சி. அல்லது எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் இருக்கும். லேமினேட் செய்து பீரோவில் பத்திரமாக வைத்திருப்பார்கள். மத்திய அரசு நிறுவனத்தில் அது செல்லாது. அங்கே மத்திய அரசுப் படிவத்தில், வளமான பிரிவைச் சேர்ந்தவர் இல்லை என்று தெரிவிக்கும் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். அதுவும் அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். இ-சேவை மையம், வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று அலைகிற ஒவ்வொரு நாளும் அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போகும். கெடுவுக்குள் கிடைக்காவிட்டால் பிள்ளை பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டும். ஒதுக்கீடு சட்டத்தில் அப்படியே இருக்கும்.

2024இல் நடந்ததைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்துத் தலித் மாணவர், தினக்கூலித் தொழிலாளியின் மகன். தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்துவிட்டது. ஜூன் 24 மாலைக்குள் 17,500 ரூபாய் கட்ட வேண்டும். குடும்பம் கடன் வாங்கிப் பணத்தைத் திரட்டி முடிப்பதற்குள் இணையதளம் மூடிக்கொண்டது. கல்விக் கட்டணமே இல்லாத மாணவருக்கு, உள்ளே நுழைவதற்கு முன்பு ஒரு கட்டணம்! ஜார்க்கண்டில் சட்ட உதவி கேட்டு, சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் வந்து, கடைசியில் செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. நீதிமன்றம் வரை போகாதவர்களின் கணக்கு யாரிடமும் இருக்காது. நம் மாநிலத்தில் 7.5 சதவீதம் அமலுக்கு வந்த 2020லும், தனியார் மருத்துவக் கல்லூரியில் கிடைத்த இடத்தைப் பணமில்லாமல் வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்த பிள்ளைகள் உண்டு. கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு கலந்தாய்வு தொடங்கிய பிறகுதான் வந்தது.

லட்சியம் பற்றிச் சொன்னீர்கள். அமெரிக்காவிலும் வெகுகாலம் இப்படித்தான் பேசினார்கள். 2015 வாக்கில் மிச்சிகன் பல்கலைக்கழகம் அந்த மாநிலத்து ஏழை வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலருக்குக் கடிதம் அனுப்பியது: 'விண்ணப்பியுங்கள், இடம் கிடைத்தால் நான்காண்டுக்கும் கல்விக் கட்டணம் கிடையாது.' பெரும்பாலும் அது அவர்களுக்கு எப்படியும் கிடைத்திருக்கக்கூடிய சலுகைதான். முன்கூட்டியே உறுதியாகச் சொன்னது மட்டுமே புதிது. கடிதம் போகாதவர்களில் நூற்றுக்கு 26 பேர் விண்ணப்பித்தார்கள், போனவர்களில் 68 பேர். சேர்ந்தவர்கள் 12இலிருந்து 27 ஆனார்கள். ஒரு கடிதத்தால் பெற்றோருக்குத் திடீரென்று லட்சியம் பிறந்துவிட்டது என்றா சொல்வீர்கள்?

பெண் பிள்ளையை வெகுதூரம் அனுப்பத் தயங்கும் வீடுகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் எங்கே அனுப்புவது என்று தெரிந்த பிறகு வர வேண்டிய தயக்கம் அது.

உங்கள் காவலாளியின் மகளுக்கு இன்னும் காலம் இருக்கிறது. பி.எஸ்சி. முடித்து ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்றொரு தேர்வு உண்டு. சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் நிறுவனமும் தனியாகத் தேர்வு வைத்து எம்.எஸ்சி.க்கு எடுக்கிறது. ஜாம் விண்ணப்பம் அவளுடைய மூன்றாம் ஆண்டில், செப்டம்பர் வாக்கில் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில். பழைய வினாத்தாள்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன. இரண்டாம் ஆண்டிலேயே அச்செடுத்துக் கொடுத்துவிடுங்கள். வங்கியில் இருந்தவர் நீங்கள், படிவம் நிரப்புவதில் உங்களுக்குச் சிரமம் இருக்காது. ஓ.பி.சி. சான்றிதழ் தேவைப்படும் குடும்பம் என்றால், அந்த ஆண்டு ஏப்ரலிலேயே இ-சேவை மையத்துக்கு அனுப்பிவையுங்கள்.