பல் டாக்டர் பதில்: எலும்பில் ஸ்குரூ எதற்கு?

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு 16 வயது. மேல் வரிசையில் இடப் பக்கம், கடைவாய்க்கு முன்னால் இருக்கும் ஒரு சின்னப் பல் முறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் நிற்கிறது. ஈப்போவில் கம்பி போடும் டாக்டர், மினி இம்ப்ளாண்ட் என்று எலும்பில் ஒரு ஸ்குரூ இறக்க வேண்டும் என்கிறார். பிள்ளை அழுகிறாள். கம்பி மட்டும் போதாதா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, பல் விழுந்த இடத்தில் காலத்துக்கும் பதிக்கிறார்களே, அந்த இம்ப்ளாண்ட் வேறு. இது டைட்டானியம் கலவையில் செய்த குட்டித் திருகு. தடிமன் பெரும்பாலும் 2 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. வேலை முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். தைப்பூசத்துக்குக் கன்னத்தில் அலகு குத்தும் ஊர்க்காரர்கள் இதற்குப் போய் அழலாமா என்று மகளிடம் கேளுங்கள்!

என் அப்பா தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். மழையில் செம்மண் சடக்கில் லோரி புதைந்துவிட்டால் டிராக்டரில் கட்டி இழுப்பார்கள். சில நாள் டிராக்டரே சறுக்கிக்கொண்டு லோரியிடம் வந்துவிடும். ஓரத்து மரத்தில் சங்கிலியைக் கட்டி இழுத்தால் மரம் வராது, லோரிதான் வரும். பல்லும் அப்படித்தான். பக்கத்துப் பல்லைப் பிடிமானமாக வைத்து இழுத்தால் அதுவும் கொஞ்சம் நகரும். திருகு அந்த மரம்.

முறுக்கிய பல்லை ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் திரும்புவதைவிட இடம் மாறுவதுதான் அதிகம். பைப்பை மூட விரல்கள் எதிரெதிரே தள்ளுகின்றனவே, அதுபோல அண்ணப் பக்கம் ஒரு இழுப்பு, கன்னப் பக்கம் எதிர்த்திசையில் ஒரு இழுப்பு வேண்டும். பல்லில் சின்ன பட்டன் ஒட்டி, ரப்பர் சங்கிலியால் திருகோடு மாட்டுவார்கள். லேசான முறுக்கலுக்குக் கம்பியே போதும். உங்கள் மகளுடையது பக்கவாட்டிலேயே நிற்பதால் டாக்டர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை.

போடும்போது ஈறை மட்டும் மரக்க வைப்பார்கள். அழுத்தம் தெரியும், வலி தெரியாது. இரண்டு வேருக்கு நடுவில் இறக்க வேண்டும் என்பதால் முதலில் எக்ஸ்ரே எடுப்பார்கள்.

சில திருகுகள் ஆடிக் கழன்றுவிடுவதும் உண்டு. ஒரு பையனுக்கு நான் போட்டது மூன்றாம் வாரமே கையோடு வந்துவிட்டது. ஈறு இறுக்கமாக இருக்கும் இடத்தை விட்டுக் கொஞ்சம் மேலே, தளர்ந்த சதையில் இறக்கியது என் தப்பு. சரி, வேறிடத்தில் போட்டேன், நின்றது. மகள் மெல்லிய பிரஷ்ஷால் திருகைச் சுற்றித் தேய்க்கட்டும். நாக்கால் நோண்டக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் நான் அதிகம் கவலைப்படுவது அதற்குத்தான். திருப்பிய பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். ஈறிலிருந்து பல் கழுத்தைப் பிடித்திருக்கும் நார்கள் இழுத்த ரப்பர் போல முறுக்கியே கிடக்கும். எலும்பு சில மாதத்தில் இறுகினாலும், இந்த நார்கள் புது இடத்துக்குப் பழக ஒரு வருடம்கூட ஆகலாம். அதனால் சிலருக்கு அந்த நார்களை மட்டும் மெல்லக் கீறிவிடுவதும் உண்டு. கம்பி கழற்றிய பிறகு பல் நகராமல் பிடித்து வைக்கும் ரிட்டெய்னர் எப்படியும் வேண்டும். கம்பி கழற்றிய சந்தோஷத்தில் அதை டப்பாவிலேயே மறந்துவிட்டு, தீபாவளி கழித்துப் பல் திரும்பிக்கொண்டது என்று வருகிற பிள்ளைகள் எத்தனை பேர்! பல்லின் உள்பக்கம் ஒட்டிவிடும் மெல்லிய கம்பி ரிட்டெய்னர் உங்கள் மகளுக்குச் சரிப்படுமா என்று அடுத்த முறை ஈப்போ போகும்போதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.