வாசகர் கேள்வி பதில்: குழம்பில் சோளம், பார்லி, சாமை

கேள்வி: முழுச் சோளத்தைச் சாம்பாரில் போட்டு ஆறு விசில் விட்டேன். காய் கரைந்துவிட்டது, சோளம் மட்டும் கல்லாக நிற்கிறது. ஆப்பச்சோடா போடலாமா? (வாசகி, தேனி)

பதில்: சோடா வேண்டாம். சீக்கிரம் வேகும்தான், ஆனால் வாய்க்குச் சவுக்காரம்போல இருக்கும். தயமின் என்ற பி வைட்டமினும் அழியும். சோளம் 10 முதல் 12 மணி நேரம் ஊற வேண்டும். காயோடு சேர்த்து வேகவைக்கவே கூடாது, தனியாகத்தான்.

நாலு பேருக்கு முக்கால் கப் சோளம், கால் கப் கொண்டைக்கடலை. இரண்டையும் சேர்த்து ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நாலு கப் புதுத் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் வையுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 25 நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். ஒரு மணியை நகத்தால் பிளந்து பாருங்கள். நடுவில் சுண்ணாம்புப் பொட்டுபோல வெள்ளையாக இருந்தால் இன்னும் 10 நிமிடம் வேண்டும். நன்றாக வெந்தாலும் சோளம் அரிசிபோலக் குழையாது, மெல்லுகிற பதத்தில்தான் நிற்கும். அதுதான் அதன் ருசி.

வாணலியில் கடுகு தாளித்து, 15 சின்ன வெங்காயம், நாலு கத்தரிக்காய், 200 கிராம் பரங்கிக்காய் போட்டு வதக்கி, ஒன்றரை டீஸ்பூன் சாம்பார்ப்பொடி, மஞ்சள்தூள், உப்பு சேர்த்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி வையுங்கள். காய் முக்கால் பதம் வெந்ததும் சோளத்தையும் கடலையையும் வெந்த தண்ணீரோடு ஊற்றுங்கள். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து விடுவது அதற்குப் பிறகுதான். முன்பே விட்டால் கடலை மசியாது. சோளம் மாவுச்சத்தை அவ்வளவாக வெளியே விடாது, அதனால் குழம்பு நீர்த்தே இருக்கும். வெந்ததில் ஒரு கரண்டி எடுத்து மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றிச் சேருங்கள், கெட்டிப்படும். பத்து நிமிடம் கொதித்தபின் மூன்று மேசைக்கரண்டி தேங்காயை அரை டீஸ்பூன் சீரகத்தோடு அரைத்துவிட்டு, ஒரு கொதியில் இறக்கிவிடுங்கள்.

கேள்வி: பார்லி போட்ட காய்கறிக் குருமா இரவில் நன்றாக இருந்தது. காலையில் பார்த்தால் களி! (வாசகர், கோவை)

பதில்: பார்லியில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்துதான் குருமாவுக்கு அந்த வழவழப்பைத் தருகிறது. இறக்கிவைத்த பிறகும் பார்லி தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஒரு லிட்டர் குருமாவுக்குக் கால் கப் போதும். பலரும் ஒரு கப் போட்டுவிடுகிறார்கள். மறுநாளைக்கும் வேண்டுமென்றால் வெந்த பார்லியைத் தனியாக எடுத்துவைத்து, சூடுபண்ணும்போது கலந்துகொள்ளுங்கள். களியாகிவிட்டதைக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி இளக்கலாம், உப்பை மறுபடி பார்க்க வேண்டும். கோதுமைபோல பார்லியிலும் குளூட்டன் என்ற புரதம் உண்டு. குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சோளமே சரி.

கேள்வி: சாமையை எப்போது சேர்ப்பது? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: கடைசி 12 நிமிடத்தில். கால் மணி தாண்டினால் கஞ்சிதான். கடையில் பளிச்சென்று வெள்ளையாகக் கிடைக்கும் சாமை தவிடு போகத் தீட்டியது, அதை முழுத்தானியக் கணக்கில் சேர்க்காதீர்கள். மங்கலாக, லேசான பழுப்பில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு மூன்று நான்கு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும்.