வெள்ளை மரம், கறுப்பு வானம்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

கே: "எந்தப் போனிலும் இன்ஃப்ராரெட் படம்" என்ற விளம்பரத்தை நம்பி, 1,600 ரூபாய்க்கு 720 நானோமீட்டர் கிளிப் ஃபில்டர் வாங்கினேன். படம் முழுக்க அடர் சிவப்பு, புள்ளி புள்ளியாக. விற்றவர் "உங்கள் போன் சரியில்லை" என்கிறார்.
– திருச்சி வாசகி

ப: உங்கள் போனில் ஒரு குறையும் இல்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இன்ஃப்ராரெட் என்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. அதில் எடுத்தால் இலை வெள்ளையாகவும் நீல வானம் கறுப்பாகவும் வரும். கேமராவில் ஒளியைப் பதியும் சென்சார் இந்த ஒளியையும் உணரும். அதை உள்ளே விட்டால் சாதாரணப் படத்தின் நிறம் கெட்டுவிடும் என்பதால், தயாரிப்பாளரே சென்சாருக்கு முன்னால் ஒரு தடுப்புக் கண்ணாடியை வைத்துவிடுகிறார். நீங்கள் வாங்கிய ஃபில்டரோ கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுப்பது. இரண்டும் சேர்ந்தால் சென்சாருக்கு என்ன மிஞ்சும்? கசிந்து வரும் கொஞ்சம் சிவப்புதான். ஸ்டாண்டில் வைத்துப் பல விநாடி எடுத்தால் சில போன்களில் ஏதோ தேறும். காற்றில் இலை அசைந்தால் அதுவும் போச்சு.

இதை அட்டைப்பெட்டியில் ஒரு வரி அச்சிட யாருக்கும் மனம் வருவதில்லை. நானும் இப்படி ஒன்று வாங்கினேன். எல்லாப் படத்திலும் நடுவில் வெளிறிய வட்டம். திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். வாங்க நினைப்பவர்கள் முதலில், அகச்சிவப்பு ஒளி விடும் டிவி ரிமோட்டைப் பின்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்துப் பட்டனை அழுத்துங்கள். திரையில் ரிமோட்டின் முனை மின்னாவிட்டால் ஃபில்டர் வீண். செல்ஃபி கேமராவில் மின்னுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அதில் தடுப்பு பெரும்பாலும் குறைவு.

நீங்கள் விடாதீர்கள். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகார் செய்யுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது.

கே: செலவில்லாமல் அந்த இன்ஃப்ராரெட் எஃபெக்ட் வருமா?
– நாகர்கோவில் வாசகர்

ப: அதன் சாயல் வரும். நல்ல வெயிலில் நீல வானத்தோடு ஒரு வேப்பமரத்தைக் கலரில் எடுங்கள். எடிட்டிங் செயலியில் கருப்பு-வெள்ளையாக்கி, பச்சையையும் மஞ்சளையும் ஏற்றுங்கள், நீலத்தை இறக்குங்கள். மரம் வெளுக்கும், வானம் கறுக்கும். பச்சைச் சேலையும் கூடவே வெளுக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையான அகச்சிவப்பில் இலை வெளுப்பது பச்சை நிறத்தால் அல்ல, இலையின் உள்திசு அந்த ஒளியைச் சிதறடித்துத் திருப்புவதால். 1910-லேயே அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் இப்படிப் படங்களை வெளியிட்டார். அவர் பெயரில்தான் இதை 'வுட் விளைவு' என்கிறார்கள்.

கே: இலை வெள்ளையாக வரும் என்று 22,000 ரூபாய்க்கு தெர்மல் கேமரா வாங்கினேன். மரம் ஊதாவும் மஞ்சளுமாக வருகிறது. கடைக்காரர் மீது வழக்குப் போடலாமா?
– கோவை வாசகர்

ப: எதற்கு? பொருளின் சூட்டை நிறமாகக் காட்டி, மோட்டார் சூடாகிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்க்கிற கருவி அது. 'தெர்மல்' என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். இவ்வளவு பணம் கொடுப்பவர் இரண்டு நிமிடம் படிக்கக் கூடாதா? மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். உரிமையாகக் கேட்க முடியாது.

கே: 'இன்ஃப்ராரெட்' செயலியை அழித்த பிறகும் வாராவாரம் பணம் போகிறது.
– மதுரை வாசகி

ப: செயலியை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். கடைசியாகப் பணம் போய் 48 மணி நேரம் ஆகவில்லை என்றால் அங்கேயே ரீஃபண்டும் கேளுங்கள்.

கே: பழைய போனிலிருந்து தடுப்புக் கண்ணாடியை எடுத்துத் தருவதாக சர்வீஸ் கடையில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
– சேலம் வாசகர்

ப: வேண்டாம். அது லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே ஒட்டியிருக்கும். பிரித்தால் ஃபோகஸ் போய்விடும்.