பதில்: மன்னார்குடியில் தனியாக இருக்கும் அம்மாவின் மறதி

வணக்கம். அப்பா போன பிறகு அம்மா வாசலுக்குக்கூட வருவதில்லை, கேட்டதையே திரும்பக் கேட்கிறார், காதும் மந்தம் என்று எழுதியிருந்தீர்கள். சென்னையிலிருந்து தவிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

முதலில் காதைப் பரிசோதியுங்கள். காது கேட்காதவர் மெல்லப் பேச்சையே தவிர்த்துவிடுவார். பேச்சு மூளைக்குப் பெரிய வேலை. முகம், பெயர், பழைய சங்கதி, அடுத்த பதில் எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டும். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் சொன்ன, டிமென்ஷியா என்கிற மறதி நோய்க்கான, நாம் மாற்றக்கூடிய 14 காரணிகளில் காது கேளாமை, மனச்சோர்வு, தனிமைப்படுதல் மூன்றும் உண்டு.

அதற்காக அம்மாவுக்கு அந்த நோய்தான் என்று முடிவுகட்டாதீர்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, துக்கம் இவற்றாலும் மறதி வரும், சரிசெய்யலாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒருமுறை காட்டுங்கள்.

உடனே சென்னைக்கு அழைத்துப்போக வேண்டாம் என்பேன். தெரிந்த முகமே இல்லாத அடுக்குமாடியில் இன்னும் ஒடுங்கிவிடுவார். சாயங்காலம் ராஜகோபாலசுவாமி கோயிலுக்குக் கூட்டிப்போக அக்கம்பக்கத்தில் யாரையாவது கேளுங்கள். அப்புறம், போனில் "சாப்பிட்டாயா" என்பதோடு நிறுத்தாமல் வத்தக்குழம்புப் பக்குவம் கேளுங்கள், அவர் நிதானமாக விளக்கட்டும். வழிகாட்டல் வேண்டுமானால் முதியோர் உதவி எண் 14567.