பழைய பைக்கை கஃபே ரேசராக மாற்றும்போது முன் ஃபோர்க் எதைப் போடுவது?

கேள்வி இதுதான்: எண்பதுகளின் ஜப்பானிய வண்டி, எடை 170 கிலோ அளவில். அதை கஃபே ரேசராக, அதாவது தாழ்ந்த ஹேண்டில் வைத்த பழைய பாணி வேக வண்டியாக, மாற்ற வேண்டும். முன்னால் 19 இன்ச் சக்கரம். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் பைப் வளைந்து, துருவும் ஏறிவிட்டது. ஸ்போர்ட்ஸ் பைக்கிலிருந்து கழற்றிய யுஎஸ்டி ஃபோர்க், அதாவது தடித்த குழாய் மேலே இருக்கும் தலைகீழ் ஃபோர்க், ஒரு ஜோடி விலைக்கு வந்திருக்கிறது. அதை வாங்கிப் போடலாமா?

போடலாம். ஆனால் யுஎஸ்டியா சாதாரண ஃபோர்க்கா, 41 மி.மீ. பைப்பா 43 மி.மீ. பைப்பா என்பதையெல்லாம் பிறகு பார்ப்போம். முதலில் நாடாவை எடுத்து ஃபோர்க்கின் நீளம், பைப்புகளைப் பிடிக்கும் கிளாம்பின் ஆஃப்செட் (கீழே விளக்குகிறேன்), சக்கரத்தின் ஆரம் மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். வண்டி நேராகப் போகுமா, வளைவில் சொன்னபடி கேட்குமா என்பதை முடிவு செய்பவை இவைதான்.

ஹேண்டில் திரும்பும் அச்சை அப்படியே தரை வரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய் விழும். அந்த இடைவெளிக்குப் பெயர் டிரெயில். தெருவில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் இது 90 முதல் 110 மி.மீ. வரை இருக்கும். குறைந்தால் ஹேண்டில் துடிக்கும், வேகத்தில் பயமுறுத்தும். கூடினால் நேர்ச்சாலையில் நிம்மதி, ஆனால் வண்டியைத் திருப்பத் தோள்பட்டை வலிக்கும்.

ஆஃப்செட் என்பது ஸ்டெம்மின் (சேஸிக்குள் புகுந்து திரும்பும் தண்டு) மையத்துக்கும் இரண்டு பைப் மையங்களையும் இணைக்கும் கோட்டுக்கும் உள்ள தூரம். பழைய வண்டிகளில் இது 60 மி.மீ. வரைகூட இருக்கும். இன்றைய ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் பெரும்பாலும் 25 முதல் 35 மி.மீ.க்குள். ஆஃப்செட் குறைந்தால் டிரெயில் கூடும் என்பது பலருக்குத் தலைகீழாகத்தான் மனதில் பதிந்திருக்கிறது.

கணக்கு எளிதுதான். சக்கர ஆரத்தை ஹேண்டில் சாய்வுக் கோணத்தின் (ஹேண்டில் திரும்பும் அச்சு செங்குத்திலிருந்து சாயும் அளவு) சைனால் பெருக்கி, ஆஃப்செட்டைக் கழித்து, வருவதைக் கோசைனால் வகுத்தால் டிரெயில். உங்கள் வண்டியின் சாய்வு 28 டிகிரி, ஆரம் 325 மி.மீ., ஆஃப்செட் 60 என்று வைத்துக்கொள்வோம். டிரெயில் சுமார் 105. இப்போது 19 இன்ச் சக்கரத்தையும் முன்பக்க உயரத்தையும் அப்படியே வைத்து, 30 மி.மீ. ஆஃப்செட் உள்ள கிளாம்பை மட்டும் மாட்டினால் டிரெயில் 139-க்குப் போய்விடும். அந்த வண்டியை நெரிசலில் ஓட்டிப் பார்த்தால் சீக்கிரம் வெறுத்துவிடும்.

அதே ஃபோர்க்கோடு அதன் 17 இன்ச் சக்கரமும் வருகிறது என்றால் கதை வேறு. ஸ்போர்ட்ஸ் பைக் ஃபோர்க் நீளத்தில் குட்டை, சக்கரமும் சிறியது. இரண்டும் சேர்ந்து முன்பக்கம் 75 மி.மீ. இறங்குகிறது என்று கொண்டால், 1400 மி.மீ. வீல்பேஸ் (இரண்டு சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) உள்ள வண்டியில் சாய்வு சுமார் 3 டிகிரி குறைந்து 25 ஆகும். ஆரம் 300, ஆஃப்செட் 30. கணக்குப் போட்டால் டிரெயில் 107 வருகிறது, கிட்டத்தட்ட பழைய அளவே. பழைய சேஸியில் நவீன முன்பாகத்தை மாட்டியவர்கள் பலர் "ஆச்சரியமா நல்லா ஓடுது" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். ஒரு மாற்றம் செய்த கெடுதலை இன்னொன்று சரிக்கட்டிவிடுகிறது.

ஆனால் அந்த 75 மி.மீ. சும்மா போகவில்லை. சைலன்சர் பைப் தரைக்கு நெருங்கும். சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் வண்டி போதிய சாய்வில்லாமல் நிமிர்ந்து நிற்கும், லேசாகத் தட்டினாலே மறுபக்கம் விழும். ஸ்டாண்டை வெட்டிக் குறைக்க வேண்டிவரும். பின்பக்கத்தையும் அதே அளவு இறக்கி வண்டியை மட்டமாக்கலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் சாய்வு மறுபடி 28-க்குப் போய் டிரெயிலும் எகிறும். எனவே எதையும் வாங்குமுன் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கணக்குப் போடுங்கள்.

இந்த இடத்தில் என் கருத்தை அழுத்திச் சொல்கிறேன்: ஃபோர்க் மட்டும் தனியாக வாங்காதீர்கள். ஒரே வண்டியிலிருந்து மேல், கீழ் கிளாம்ப், ஸ்டெம், சக்கரம், ஆக்ஸில், ஸ்பேசர்கள், டிஸ்க், அதைக் கவ்வும் காலிபர், லிவர் அழுத்தும் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் சேர்த்து வாங்குங்கள். தனித்தனியாகச் சேர்த்தால் ஆக்ஸில் ஒரு தடிமன், சக்கர பேரிங் வேறு தடிமன், டிஸ்க் காலிபரின் நடுவில் உட்காராது என்று ஒவ்வொன்றுக்கும் லேத்துக்கு ஓட வேண்டிவரும். பழைய ஒற்றை டிஸ்க் மாஸ்டர் சிலிண்டரை வைத்து இரண்டு பெரிய காலிபர்களை அழுத்தினால் லிவர் ஹேண்டில் வரை வந்துவிடும்.

அப்புறம் ஸ்டெம். புதிய ஸ்டெம் உங்கள் சேஸியின் நீளத்துக்குச் சரியாக வருவது அபூர்வம். பழைய ஸ்டெம்மை பிரஸ்ஸில் கழற்றிப் புதிய கீழ் கிளாம்பில் இறுக்கமாக உட்கார வைப்பது ஒரு வழி. அதற்குத் தெரிந்த லேத்காரர் வேண்டும். வெல்டிங் வைத்து ஒட்டுவதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டாவது வழி, உள்விட்டம் ஸ்டெம்முக்கும் வெளிவிட்டம் சேஸிக்கும் பொருந்தும் டேப்பர் ரோலர் பேரிங் தேடுவது. பல ஜப்பானிய வண்டிகளில் மேலே 25×47×15, கீழே 30×55×17 (உள்விட்டம், வெளிவிட்டம், உயரம், மி.மீ.) அளவுகள் திரும்பத் திரும்ப வருவதால் சில நேரம் அதிர்ஷ்டம் அடிக்கும். பழைய குண்டு கோன் செட்டை (குண்டுகள் உருளும் பழைய பேரிங்கை) எப்படியும் தூக்கிப் போடத்தான் போகிறோம்.

அடுத்தது எடை. ஃபோர்க் வந்த வண்டி உங்களுடையதைவிட ரொம்ப கனம் என்றால் ஸ்பிரிங் உங்களுக்கு விறைப்பாக இருக்கும். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் ஃபோர்க் தன் மொத்த ஓட்டத்தில் (அமுங்கக்கூடிய தூரம்) நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறங்க வேண்டும். 120 மி.மீ. ஓட்டம் என்றால் 30 முதல் 40 மி.மீ. அந்த அளவுகூட இறங்கவில்லை என்றால் ஸ்பிரிங் மாற்றுங்கள்; ஆயில் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

யுஎஸ்டி பற்றி: கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் குழாய் தடிமனாக இருப்பதால் பிரேக் பிடிக்கும்போது முறுகாது, வளையாது. அது உண்மையான லாபம். ஆனால் அந்தத் தடிமனே டேங்கில் இடிக்கும், ஹேண்டில் திரும்பும் கோணத்தைக் குறைக்கும், ஹேண்டில் திரும்பும் எல்லையைத் தடுக்கும் ஸ்டியரிங் ஸ்டாப்பைப் புதிதாகச் செய்ய வைக்கும். மெல்லிய ஒற்றைக் குழாய் சேஸிக்கு அவ்வளவு விறைப்பான முன்பாகம் தேவையா என்று கேட்டால், என் பதில் பெரும்பாலும் இல்லை. நானாக இருந்தால் ஏறக்குறைய அதே எடையுள்ள வண்டியின் 41 மி.மீ. சாதாரண ஃபோர்க்கைத் தேடுவேன், உள்ளே கார்ட்ரிட்ஜ் (ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தனி அமைப்பு) இருந்தால் இன்னும் நல்லது. பழைய வகை ஃபோர்க்கில் ஆயில் வெறும் துளை வழியாகப் போகிறது. மெதுவான அசைவில் தடையே இருக்காது, திடீர்ப் பள்ளத்தில் கல்லாகிவிடும். கார்ட்ரிட்ஜில் வளையும் மெல்லிய தகடுகள் அந்த வேலையைப் பக்குவமாகச் செய்கின்றன. தோற்றத்துக்காகவே யுஎஸ்டி வேண்டும் என்றால் அதுவும் சரி, உங்கள் வண்டி.

பழைய ஃபோர்க்கை வாங்கும்போது பைப்பைக் கழற்றி கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பாருங்கள். வளைவு 0.2 மி.மீ.க்கு மேல் என்றால் பல சர்வீஸ் மேனுவல்கள் மாற்றச் சொல்கின்றன. ஆயில் சீல் ஓடும் பகுதியில் நகம் தட்டும்படி துருக்குழி இருந்தால் வேண்டாம். கீழே ஆக்ஸிலைப் பிடிக்கும் இடத்தில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சம் அடித்துப் பாருங்கள். விழுந்த வண்டி அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

மாட்டிய பிறகு, ஓட்டுவதற்கு முன், ஸ்பிரிங் இரண்டையும் வெளியே எடுத்துவிட்டு ஃபோர்க்கை முழுக்க அமுக்குங்கள். அந்த நிலையில் ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, டயரோ மட்கார்டோ கீழ் கிளாம்பிலும் சைலன்சர் பைப்பிலும் இடிக்கிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பாருங்கள். யுஎஸ்டி என்றால் கீழ் கிளாம்ப் போல்ட்டை டார்க் ரென்ச் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) இல்லாமல் இறுக்காதீர்கள். அதிகம் இறுக்கினால் வெளிக்குழாய் நசுங்கி உள்ளே புஷ் பிடிக்கும், ஃபோர்க் பாதியில் தடுமாறும்.