கணக்குக்குப் பயந்து விஸ்காம் போன பிள்ளைக்கு

ஆச்சிக்கு வணக்கம்.

போன வாரம் காரைக்குடியில் என்னைப் பார்த்தபோது விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல், படிக்கும் உங்கள் மகளைப் பற்றி நீங்கள் கேட்டதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு வருடத்துக்குப் பத்துப் பேராவது வருகிறார்கள். "கணக்கு வராதுன்னுதான் விஸ்காம் சேர்த்தோம், இப்ப அதுலயும் கணக்கை வச்சு அரியர் போட்டுட்டாங்க, வேற படிப்புக்கு மாத்திடலாமா?"

மாற்ற வேண்டாம். இந்த ஒரு பேப்பருக்காக நிச்சயம் வேண்டாம்.

ஆய்வு முறைகள் என்ற அந்த பேப்பரில் பெரும்பகுதி கணக்கே இல்லை. யாரைக் கேட்பது, எத்தனை பேரைக் கேட்பது, கேள்வியை எப்படி அமைப்பது, வந்த பதிலை எவ்வளவு நம்புவது, இவைதான். கணக்கு என்று இருப்பது சராசரி, வரிசையில் நடுவில் நிற்பதைச் சொல்லும் இடைநிலை அளவு, எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் திட்ட விலக்கம், கொஞ்சம் நிகழ்தகவு. எல்லாம் உங்கள் மகள் பத்தாம் வகுப்பு வரைக்கும் பார்த்து மறந்ததுதான். புதிதாக வருவது, இரண்டு விஷயங்களுக்குள் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஒட்டுறவுக் கெழு, கை-வர்க்கச் சோதனை (ஆங்கிலத்தில் chi-square) மாதிரி இரண்டு மூன்று, அவ்வளவுதான்.

இன்னொன்று, "எங்க வீட்டுக்கே கணக்கு வராது" என்று நீங்கள் சொன்னபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் அப்பா ஒரு வட்டிக்கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ஐந்தொகை போடும் நாளில் நாலணா இடித்தால்கூட முதலாளி வீட்டு ஆச்சிதான் முதலில் கண்டுபிடிப்பார் என்று சொல்லுவார். உங்களிடமே கேட்கிறேன். ஒரு வட்டி ஒன்றரை வட்டி ஆனால் எவ்வளவு கூடியது? அரை ரூபாய்தானே என்று ஒருத்தர் சொல்லுவார், ஒன்றரை மடங்கு ஆகிவிட்டதே என்று கடன் வாங்கியவர் சொல்லுவார். இரண்டுமே சரி. சதவீதப் புள்ளிக்கும் சதவீத உயர்வுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான், செய்தித் தலைப்புகளில் அடிக்கடி குழம்புவதும் இதுதான். உங்களுக்கு இது விளக்காமலே தெரியும்.

அப்புறம் புள்ளி. உங்கள் நகரத்தார் கோயிலில் கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு வரி என்று கணக்கு வைத்திருக்கிறீர்களே, அந்தப் பட்டியலை ஆய்வுக்காரர் கையில் கொடுத்தால் அவர் அதை மாதிரிச் சட்டகம் என்பார். யாரைக் கேட்கலாம் என்று பொறுக்கி எடுப்பதற்கு முன்னால் எல்லார் பெயரும் உள்ள ஒரு பட்டியல் வேண்டும், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ஆனால் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு "இந்த ஊர் மக்கள் என்ன நினைக்கிறார்கள்" என்று எழுதினால் தப்பாகிவிடும். நான் அந்த ஊர்க்காரன், எனக்கு உங்கள் கோயிலில் புள்ளி கிடையாது. உங்கள் அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார், அவருக்கு உண்டு. ஊரில் இருப்பவன் விட்டுப்போகிறான், ஊரில் இல்லாதவர் உள்ளே வருகிறார். பட்டியலில் கோணல் இருந்தால் அதற்கப்புறம் எவ்வளவு திறமையாகக் கணக்குப் போட்டாலும் கோணல் போகாது.

சரி, பட்டியல் வேண்டாம், தெருவில் இறங்கிப் பத்துக்கு ஒரு வீடு தட்டலாம் என்றால் நம் பக்கத்தில் அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். கதவை எண்ணிக்கொண்டே போனால் ஒரே வீட்டை இரண்டு முறை எண்ணிவிடலாம். பாதி வீடு பூட்டிக் கிடக்கும், திறந்திருக்கும் வீட்டில் காவல்காரரும் வயதானவர்களும் மட்டும் இருப்பார்கள். அவர்களை மட்டும் கேட்டுவிட்டு வந்தால், செட்டிநாட்டில் செல்போன் பார்ப்பவரே இல்லை என்று ஆய்வு முடிவு வரும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. இருபது வருடத்துக்கு முன், இந்த ஆலோசனை வேலைக்கெல்லாம் வருவதற்கு முன்னால், ஒரு சந்தை ஆய்வு நிறுவனத்துக்காக சோப்புத்தூள் பற்றிய படிவங்களைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தூரில் அலைந்தேன். பூட்டிய வீட்டுக்கு மூன்று முறை திரும்பிப் போக வேண்டும் என்பது விதி. சித்திரை வெயில். மூன்றாவது முறை போகவில்லை, ஒரு திண்ணையில் உட்கார்ந்து ஆறு படிவத்தை நானே நிரப்பினேன். நிஜம்போல் இருக்க வேண்டும் என்று வயதை 32, 37, 43, 28 என்று மாற்றி மாற்றிப் போட்டேன். மேற்பார்வையாளர் இரண்டு நிமிடத்தில் பிடித்துவிட்டார். "ஊர்ல ஒருத்தர்கூட நாப்பது வயசுன்னு சொல்லலையா?" என்று கேட்டார். நிஜ மனிதர்களிடம் வயது கேட்டால் முப்பது, முப்பத்தஞ்சு, நாற்பது என்று முழுசாக்கித்தான் சொல்லுவார்கள், பூஜ்யத்திலும் ஐந்திலும் முடியும் வயதுகள் எப்போதும் கூடுதலாக வரும். நான் போட்டதில் ஒன்றுகூட அப்படி இல்லை. அன்றைக்குக் கூலியும் போனது, மானமும் போனது. உங்கள் மகளின் வகுப்பில் யாராவது பதில்களைத் தானே தட்டிப் போடலாம் என்று யோசனை சொன்னால் இந்தக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள்.

பெரிய பெரிய ஆட்களே இதில் விழுந்திருக்கிறார்கள். 1936இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை யாருக்கு ஓட்டு என்று கேட்டு சுமார் 1 கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. சுமார் 24 லட்சம் பேர் பதில் போட்டார்கள். எதிர்க்கட்சி வேட்பாளர் லாண்டன் 57 சதவீத வாக்கோடு ஜெயிப்பார் என்று எழுதினார்கள். அப்போது அதிபராக இருந்த ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீதம் வாங்கினார், லாண்டனுக்கு 48 மாநிலத்தில் கிடைத்தது இரண்டு. பெயர்களைப் பெரும்பாலும் தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் பதிவுப் பட்டியலிலிருந்தும் எடுத்திருந்தார்கள், பொருளாதார மந்த காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர் யார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். போதாததற்கு, அட்டையைத் திருப்பி அனுப்பத் துடித்தவர்களும் ஆட்சி மேல் கோபமாக இருந்தவர்களாகவே அமைந்துவிட்டார்கள். அதே தேர்தலில் காலப் என்ற கருத்துக்கணிப்பாளர் ஏறக்குறைய 50,000 பேரை வைத்து ரூஸ்வெல்ட்தான் என்று சரியாகச் சொன்னார். பத்திரிகை இரண்டு வருடத்துக்குள் மூடப்பட்டது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று எல்லா வாத்தியாரும் சொல்லுவார்கள், ஆனால் பாதிதான் சொல்லுவார்கள். கல்யாண வீட்டில் அண்டாச் சோற்றைப் பார்த்திருக்கிறீர்கள்தானே, அடி குழைந்திருக்கும், மேலே அரிசி அரிசியாக நிற்கும். கிளறிவிட்டு எடுத்தால்தான் ஒரு கரண்டியை நம்பலாம். கிளறிவிட்டால் பானை சின்னதா அண்டாவா என்பது பெரிய விஷயமில்லை, அதே ஒரு கரண்டி போதும். நாட்டில் 20 கோடியைச் சுற்றி டிவி வீடுகள் இருந்தும், எந்த சேனலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அளக்கும் பார்க் (BARC) நிறுவனம் ஐம்பதாயிரம் சொச்சம் வீடுகளில் மீட்டர் வைத்து டிஆர்பி சொல்வது இந்தத் தைரியத்தில்தான். அந்த வீடுகளைச் சரியாகப் பொறுக்கினார்களா என்பதில் சண்டை வரலாம். ஐம்பதாயிரம் குறைவு என்பதில் சண்டை வரக்கூடாது.

எத்தனை பேர் போதும் என்பதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது, உங்கள் மகளை இதை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். கேட்ட ஆட்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து, அதால் 1ஐ வகுத்தால் வருவது தோராயமான பிழை வரம்பு, அதாவது முடிவு உண்மையிலிருந்து அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ இவ்வளவு தள்ளிப்போகலாம். 400 பேர் என்றால் வர்க்கமூலம் 20, பிழை 5 சதவீதம். 1,600 பேர் என்றால் 40, பிழை 2.5 சதவீதம். நாலு மடங்கு ஆளைக் கேட்டால்தான் பிழை பாதியாகும். இப்படி நூறு ஆய்வு செய்தால் சுமார் 95 இந்த வரம்புக்குள் இருக்கும், மீதி ஐந்து வெளியே போகும், அதுதான் இதில் இருக்கிற நிகழ்தகவு. ஆனால் கிளறி எடுத்த மாதிரிக்குத்தான் இதெல்லாம் செல்லும்.

இப்போது உங்கள் மகளின் புராஜெக்டுக்கு வருகிறேன், இதில் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன். தலைப்பு "சிவகங்கை மாவட்டப் பெண்களும் தொலைக்காட்சித் தொடர்களும்". கூகுள் படிவத்தை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு 112 பதில் வாங்கியிருக்கிறாள். அதில் 45 வயதுக்கு மேல் ஒன்பது பேர். சீரியல் பார்க்கிற ஆச்சிமாரை விட்டுவிட்டு சீரியல் பற்றி ஓர் ஆய்வு! இதற்குக் கை-வர்க்கம் போட்டு என்ன செய்வது? இரண்டு வழி இருக்கிறது. தலைப்பை "என் கல்லூரித் தோழிகளும்" என்று உண்மையாக மாற்றலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அல்லது ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொண்டு முறையாக நூறு வீடு ஏறலாம். 1968இல் அமெரிக்காவில் சேப்பல் ஹில் என்ற ஊரில் மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரண்டு பேர் யாருக்கு ஓட்டு என்று முடிவெடுக்காத 100 வாக்காளர்களைக் கேட்டார்கள். ஊடகம் எதைப் பெரிதாகப் போடுகிறதோ அதையே மக்களும் பெரிய பிரச்சினையாக நினைக்கிறார்கள் என்ற நிகழ்ச்சிநிரல் கோட்பாடு அங்கிருந்துதான் வந்தது, உங்கள் மகள் அதைத் தேர்வுக்குப் படித்திருப்பாள். நூறு பேர்தான், ஆனால் யாரைக் கேட்க வேண்டுமோ அவர்களைக் கேட்டார்கள்.

நீங்கள் கையில் வைத்திருந்த அந்த இன்னொரு கல்லூரியின் விளம்பரத் தாளையும் பார்த்தேன். "சராசரி சம்பளம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒரு தெருவில் பத்து வீடு, ஒன்பது வீட்டில் மாதம் 20,000 வருமானம், பத்தாவது வீட்டுக்காரருக்கு மலேசியாவிலிருந்து 10,20,000 வருகிறது. கூட்டி வகுத்தால் சராசரி 1,20,000. அந்தத் தெருவில் அப்படி யாராவது இருக்கிறார்களா? வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பவரைப் பார்த்தால் 20,000, இடைநிலை அளவு அதுதான். ஆகவே கல்லூரியில் கேட்க வேண்டியது இரண்டு: இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, வகுப்பில் எத்தனை பேரைக் கணக்கில் எடுத்தீர்கள். வேலை கிடைத்தவர்களை மட்டும் வைத்து சராசரி போட்டிருந்தால் அது பூட்டிய வீடு கதைதான்.

வேலைக்கு இது உதவுமா என்றால், என் அனுபவத்தில் நன்றாகவே உதவுகிறது. கேமராவும் எடிட்டிங்கும் தெரிந்த பிள்ளைகள் ஏராளமாக இருக்கிறார்கள். நன்றாக எழுதத் தெரிந்து, ஓர் அட்டவணையைப் பார்த்து இதில் என்ன தப்பு என்று சொல்லத் தெரிந்த பிள்ளை அபூர்வம். விளம்பர நிறுவனங்களில் ஊடகத் திட்டமிடல், டிவி சேனல்களின் பார்வையாளர் ஆய்வு, தரவு இதழியல், தேர்தல் கருத்துக்கணிப்பு, தொண்டு நிறுவனங்களின் திட்ட மதிப்பீடு என்று இடங்கள் இருக்கின்றன. முதல் வேலையில் சம்பளம் பிரமாதமாக இருக்காது, சென்னைக்கோ பெங்களூருக்கோ போகவும் வேண்டியிருக்கும், அதை மறைக்க மாட்டேன். எம்.ஏ. முடித்து கல்லூரி ஆசிரியர் வேலைக்குப் போக நெட் என்ற தகுதித் தேர்வு எழுதினாலும் இதிலிருந்து தப்ப முடியாது. முதல் தாளின் பத்து அலகுகளில் ஆய்வுத் திறன், கணிதத் திறன், தரவு விளக்கம் என்று மூன்று இதற்கே போய்விடுகின்றன.

அரியருக்கு மூன்று வாரம் போதும். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் புள்ளியியலும் நிகழ்தகவும் கடைசிப் பாடம், அதை எடுத்துவைத்து திட்ட விலக்கத்தை ஒரே ஒரு முறை கையால் போடட்டும், ஏழெட்டு எண்ணை வைத்து. அதற்கப்புறம் கூகுள் ஷீட்ஸில் போடலாம். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளைக் கற்றுத்தருகிறோம் என்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். மூன்றும் பெண்ணாகப் பிறந்தது, நாலாவது பையன்தான் என்று சொந்தத்தில் யாராவது பேசினால் அப்படி ஒரு கட்டாயமும் இல்லை என்று அந்த இடத்திலேயே மகளை விளக்கச் சொல்லுங்கள், நிகழ்தகவுப் பாடம் பாதி முடிந்த மாதிரி.

சனிக்கிழமை அவளை அந்த 112 பதில்களோடு வரச் சொல்லுங்கள், வயது, ஊர் என்ற இரண்டு கட்டத்தையும் அழிக்காமல் கொண்டுவரட்டும். ஊர் சுற்றி நூறு வீடு ஏறுவது என்று முடிவானால் நீங்களும் கூடப் போங்கள், உங்களைப் பார்த்தால்தான் கதவு திறப்பார்கள். ஆனால் கேள்வி கேட்கும்போது நீங்கள் திண்ணையிலேயே இருந்துவிட வேண்டும். பக்கத்தில் நின்றீர்கள் என்றால் ஒருத்தரும் ஒரு நாளைக்கு நாலு சீரியல் பார்ப்பதாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.