நடித்தால் ஜெர்மன் பேச வருமா?

கேள்வி: திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகிறேன். ஜெர்மனியில் வேலைக்குச் செல்வதற்காக ஜெர்மன் படித்து, ஏ2 நிலை தேறி, இப்போது அதற்கு அடுத்த பி1 நிலை வகுப்பில் இருக்கிறேன். இலக்கணப் பயிற்சியில் நல்ல மதிப்பெண் வருகிறது. பேசச் சொன்னால் வாய் கட்டிக்கொள்கிறது. புதிதாக வந்திருக்கும் ஆசிரியை, மேசை நாற்காலிகளை ஓரங்கட்டிவிட்டு, எங்களை நோயாளியாகவும் செவிலியராகவும் நடிக்கச் சொல்கிறார். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. "இதற்கா இவ்வளவு பணம் கட்டினோம்?" என்று கணவர் கேட்கிறார். வேறு வகுப்பு பார்க்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

வகுப்பை மாற்ற வேண்டாம். ஆனால் அங்கே நடப்பது எந்த வகை நடிப்பு என்பதைக் கவனியுங்கள். எழுதிக் கொடுத்த உரையாடலை நெட்டுருப் போட்டு இருவர் மாறி மாறி ஒப்பிப்பது என்றால், உச்சரிப்பு திருந்தும், குரல் எழும்பும். அதற்கு மேல் பெரிதாக எதுவும் எதிர்பார்க்க முடியாது. எதிரில் நிற்பவர் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று தெரியாமல், அதே சமயம் அவரிடம் நமக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருந்து, அதற்காகப் பேசியே தீரவேண்டும் என்ற நெருக்கடி உள்ள காட்சிதான் பேச்சைப் பழக்கும். கோடிட்ட இடத்தை நிரப்பும்போது உங்களுக்கு யோசிக்க அவகாசம் இருக்கிறது. பேச்சில் அது இல்லை. உங்கள் வாய் கட்டிக்கொள்வதற்குக் கூச்சத்தைவிட இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

உடலை அசைத்து மொழி கற்பது விளையாட்டுத்தனம் அல்ல. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960-களில் வகுத்த முறையில், ஆசிரியர் "எழு, நட, கதவைத் திற" என்று கட்டளையிட, மாணவர் முதலில் வாய் திறக்காமல் செய்து மட்டும் காட்டுவார்; கேட்டுச் செய்து பழகிய பிறகே பேச்சு வரும். செவிலியருக்கு இது இரட்டிப்புப் பொருத்தம், ஏனென்றால் உங்கள் வேலையில் பாதிப் பேச்சு இப்படிப்பட்ட வேண்டுகோள்கள்தாம். "ஷ்டேயென் ஸீ பிட்டெ அவ்ஃப்" (தயவுசெய்து எழுந்திருங்கள்) என்று சொல்லும்போது, வினையிலிருந்து பிரிந்து கடைசிக்குப் போகும் அந்த "அவ்ஃப்" வரும் கணத்தில் கையை மேலே உயர்த்துங்கள். அதை விழுங்கிவிட்டால் எழுந்திருக்கச் சொன்னது நிற்கச் சொன்னதாகிவிடும். படுத்திருக்கும் நோயாளி விழிப்பார். அக்குஸாட்டிவ், டாட்டிவ் என்ற இரண்டு வேற்றுமைகளையும் மாறி மாறி ஏற்கும், "மேல்", "கீழ்" போன்று இடம் காட்டும் ஒன்பது முன்னிடைச் சொற்களுக்கும் இதே வழிதான். மாத்திரையை மேசைமேல் வைத்துக்கொண்டே "இஷ் லேகெ டீ டாப்லெட்டெ அவ்ஃப் டேன் டிஷ்" (மாத்திரையை மேசைமேல் வைக்கிறேன்) என்று சொல்லுங்கள். கையை எடுத்து, ஓரடி தள்ளி நின்று, "டீ டாப்லெட்டெ லீக்ட் அவ்ஃப் டேம் டிஷ்" (மாத்திரை மேசைமேல் இருக்கிறது) என்று சொல்லுங்கள். வைக்கும்போது "டேன்", இருக்கும்போது "டேம்" என்பதை அட்டவணையைவிடக் கை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளும்.

இனி உங்கள் ஆசிரியையிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால், பெரு நாட்டில் 1973-ல் நடந்த எழுத்தறிவுத் திட்டத்தில் பணியாற்றியவர். தோல்வியில் முடியும் ஒரு காட்சியை நடித்துக் காட்டி, மறுமுறை நடிக்கும்போது பார்வையாளர் யார் வேண்டுமானாலும் "நிறுத்துங்கள்" என்று சொல்லி மேடையேறி, நாயகரின் இடத்தை எடுத்துக்கொள்ளும் முறையை வளர்த்தவர் அவர். அவருடைய நோக்கம் ஒடுக்கப்பட்டவர்களின் விடுதலை. மொழி வகுப்புக்கு இதைக் கடன் வாங்குவதை அவர் எப்படிப் பார்த்திருப்பாரோ! இருந்தாலும் அதை உங்கள் வகுப்புக்குக் கொண்டு வரலாம். மாத்திரை சாப்பிட மறுக்கும் ஒரு முதியவர் நோயாளி. அவராக நடிப்பவர் கையில் ஒரு துண்டுச்சீட்டு: "இந்த மாத்திரையால் வயிறு எரிகிறது. கேட்டாலொழியச் சொல்லாதே." செவிலியரின் சீட்டில், "பத்து நிமிடத்தில் மருத்துவர் வருவார். அதற்குள் மாத்திரை கொடுத்து, ரத்த அழுத்தம் பார்த்திருக்க வேண்டும்." முதலில் வருபவர் கெஞ்சித் தோற்பார், அடுத்தவர் மருத்துவர் பெயரைச் சொல்லி மிரட்டித் தோற்பார், யாரோ ஒருவர் சாப்பாட்டைப் பற்றி விசாரிக்கப் போய் விஷயம் வெளிவரும். அதற்குள் வலி, வயிறு, மாத்திரை, சாப்பாட்டுக்கு முன், பின் என்ற சொற்களெல்லாம் அலுப்புத் தட்டாமல் பலமுறை புழங்கியிருக்கும்.

கூச்சத்துக்கு ஒரு எளிய வழி உண்டு: முதல் சில நாள்கள் நோயாளியாக நடியுங்கள். முனகலும் ஓரிரு சொற்களும் போதும், காது மட்டும் வேலை செய்யும். பாத்திரத்தின் மறைவில் செய்யும் தவறு அவ்வளவாக உறுத்துவதும் இல்லை.

இந்த முறையின் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. திருத்துவார் இல்லாவிட்டால், தவறான ஜெர்மனைச் சரளமாகப் பேசப் பழகிவிடலாம். காட்சி நடக்கும்போது ஆசிரியை குறுக்கிட வேண்டாம். ஆனால் முடிந்தவுடன் இரண்டு மூன்று தவறுகளைப் பலகையில் எழுதித் திருத்தி, அதே காட்சியை மறுபடி நடிக்க வைக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் கைதட்டிவிட்டு அடுத்த குழுவை அழைத்தால், அப்போது வேறு வகுப்பைப் பற்றி யோசிக்கலாம்.

உங்கள் கணவருக்குத் தேர்வைக் காட்டுங்கள். ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோத்தே நிறுவனத்தின் பி1 பேச்சுத் தேர்வில் வழக்கமாக இரண்டு தேர்வர்கள் சேர்ந்து அமர்வார்கள். முதல் பகுதியே இருவரும் பேசி எதையாவது திட்டமிடுவது. எதிரில் இருப்பவர் உங்கள் மனப்பாடத்துக்கு ஏற்றபடி பேசமாட்டார். ஜெர்மனியில் பணியாற்ற விரும்பும் வெளிநாட்டு மருத்துவர்களின் தொழில்மொழித் தேர்வில், நோயாளியாக ஒருவர் நடிக்க, அவரிடம் 20 நிமிடம் விசாரிப்பது ஒரு பகுதி. கட்டிய பணம் இதற்கும் சேர்த்துத்தான்.

எழுத்துத் தேர்வு மட்டும் நடிப்பால் கைகூடாது. வகுப்பில் நடித்த அன்றிரவே, அந்த நோயாளியின் நிலையை அடுத்த ஷிஃப்ட் செவிலியருக்கு ஒப்படைப்பதுபோல ஐந்தாறு வரி ஜெர்மனில் எழுதி, மறுநாள் ஆசிரியையிடம் திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.